கேஸ்டர் திருத்துவது எப்படி: ஒரு பழைய மினியை வைத்துச் செய்முறை

திருப்பம் முடிந்து கையைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேருக்கு வர வேண்டும். நெடுஞ்சாலையில் எண்பதில் போகும்போது கையை லேசாக வைத்திருந்தாலே வண்டி நேராக ஓட வேண்டும். இந்த இரண்டும் இல்லாத காரில் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். ஊர் போய்ச் சேர்வதற்குள் தோள் கடுத்துவிடும். அலைன்மென்ட் கடைக்குப் போனால் "டோ பார்த்தாச்சு, எல்லாம் சரி" என்று அனுப்புவார்கள். டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, சரியாகத்தான் இருக்கும். யாரும் தொடாமல் விட்ட கோணம் கேஸ்டர்.

இதுவரை ஜாக்கி போட்டு டயர் மாற்றியதைத் தாண்டி எதுவும் செய்யாதவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது பழைய மினி. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனுக்காக அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வந்த கார். 2000 வரை தயாரிப்பில் இருந்தது. இலங்கையில் இன்னமும் நிறைய வீடுகளில் செல்லமாக வளர்க்கப்படுகிறது. இதை எடுத்ததற்குக் காரணம், முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான மினிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. ஒரு டிகிரி மாறினாலும் உங்கள் உள்ளங்கை அதைச் சொல்லிவிடும்.

முதலில், எந்தக் கோணம் இது

ஒரு சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லை. ஹேண்டில்பார் பக்கம் பின்னால் சாய்ந்திருக்கிறது. ஸ்டியரிங் தண்டின் கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அதாவது டயர் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்ட முடிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், தள்ளும் திசைக்குத் தானே திரும்பிப் பின்தொடர்வதும் இதே இழுபடுதலால்தான்.

மினி போன்ற காரில் அந்தக் கோடு, சக்கர மையத்துக்கு மேலே இருக்கும் பால் ஜாயிண்டையும் (எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டு) கீழே இருக்கும் பால் ஜாயிண்டையும் சேர்க்கும் கோடு. பக்கவாட்டில் பார்க்கும்போது மேல்முனை பின்னால் சாய்ந்திருந்தால் பாசிட்டிவ் கேஸ்டர். மினிக்குத் தொழிற்சாலை சொன்னது 3 டிகிரி பாசிட்டிவ். பத்து அங்குல வீலில் டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 24 செ.மீ. இருக்கும். அதில் 3 டிகிரிக்கு, கோடு தரையைத் தொடும் இடம் டயரின் மையத்துக்கு ஏறக்குறைய 12.5 மி.மீ. முன்னால் விழும். 5 டிகிரி வைத்தால் அது 21 மி.மீ. ஆகும். இந்தத் தூரம் கூடக்கூட ஸ்டியரிங் நேருக்குத் திரும்பும் வேகமும் கூடும், கைக்குக் கனமும் கூடும்.

பலர் கவனிக்காத இன்னொரு பலன் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். கேஸ்டர் இருக்கும் சக்கரம் திரும்பும்போது வெறுமனே திரும்புவதில்லை, சாயவும் செய்கிறது. வளைவில் பாரம் முழுக்கத் தாங்கும் வெளிப்பக்க டயரின் தலை உள்நோக்கிச் சாய்கிறது. கார் உடல் வெளிப்பக்கம் சரியும்போது டயர் தரையில் தட்டையாக உட்கார இது உதவுகிறது. சக்கரம் 20 டிகிரி திரும்பினால், 3 டிகிரி கேஸ்டரில் இப்படிக் கிடைக்கும் சாய்வு ஒரு டிகிரி. 5 டிகிரியில் 1.7. ஆனால் மினியில் பால் ஜாயிண்ட் கோடு முன்னாலிருந்து பார்த்தாலும் ஒன்பதரை டிகிரி உள்ளே சாய்ந்திருக்கிறது. அது வேலைக்கு எதிராக அரை டிகிரிக்குச் சற்று மேல் தின்றுவிடும். மிச்சம் 3 டிகிரியில் அரை டிகிரிக்கும் குறைவு, 5 டிகிரியில் 1.1 டிகிரி. நேராகப் போகும்போது டயரின் உள்விளிம்பைத் தேய்க்காமல், வளைவில் மட்டும் கிடைக்கும் பிடிப்பு இது. நிரந்தரமாக நெகட்டிவ் கேம்பர் (நேராகப் போகும்போதும் சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்ந்திருப்பது) வைப்பதற்கு முன் கேஸ்டரைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

தேய்ந்த பாகங்களை வைத்துக்கொண்டு கோணம் திருத்துவது, ஆடும் நாற்காலியின் காலுக்கு அட்டை வைப்பது மாதிரி. இன்று சரியாக இருக்கும், நாளை இருக்காது.

மினியில் சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்ம் ஒற்றைக் கை. அது முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்திருப்பது டை பார் என்ற கம்பி. அதன் பின்முனை கீழ் ஆர்மில் போல்ட் போட்டிருக்கும். முன்முனை சப்ஃபிரேமின் (எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் இரும்புச் சட்டம்) முன்பக்கத் துளைக்குள் நுழைந்து, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக இரண்டு ரப்பர் புஷ்களுக்கு நடுவே நட்டால் இறுகியிருக்கும். கேஸ்டர் முழுவதும் இந்தக் கம்பியின் நீளத்தையும் அந்த இரண்டு ரப்பர் துண்டுகளையும் நம்பி நிற்கிறது.

சோதிக்கும் முறை எளிது. சமதளத்தில், எஞ்சின் அணைந்திருக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் காரை முன்னும் பின்னும் உலுக்கட்டும். நீங்கள் டை பாரின் முன்முனையைப் பாருங்கள். கம்பி சப்ஃபிரேமுக்குள் போய் வந்தால் புஷ் செத்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால், பிரேக் போடும்போது அந்தப் பக்கத்துக் கீழ் ஆர்ம் பின்னால் நழுவும், கேஸ்டர் குறையும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பிரேக் ஷூவைக் கழற்றி மாட்டியும் தீராத எத்தனையோ இழுப்புகளுக்குக் காரணம் இந்த ரப்பர்தான். புஷ்ஷை மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே வேலை முடிந்துவிடும்.

அதோடு பால் ஜாயிண்ட் ஆட்டம், வீல் பேரிங் ஆட்டம், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை, டயர் காற்று எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். அப்புறம் உயரம். மினியில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்பு இருக்கிறது. வயதானால் அது அமுங்கி உட்கார்ந்துவிடும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை 2036 மி.மீ. இந்த நீளத்தில் முன்பக்கம் 35 மி.மீ. இறங்கினால் உடல் ஒரு டிகிரி முன்னால் குனிகிறது, கேஸ்டரிலும் அதே ஒரு டிகிரி போய்விடுகிறது. எனவே உயரத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கோணத்துக்கு வர வேண்டும்.

அளப்பது

வேண்டியவை: இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சரியான அளவு ஸ்பேனர்கள், இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச், டேப், சாக்பீஸ், நேரான ஒரு மரச்சட்டம், கோணம் காட்டும் டிஜிட்டல் ரசமட்டம். அது இல்லையென்றால் போனில் இருக்கும் லெவல் செயலி போதும். ஒவ்வொரு அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள்.

தரை சமமாக இருக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களைப் பாருங்கள். தாழ்ந்த இடத்தில் தரை ஓடு அல்லது பிளைவுட் துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள்.

முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் உரசாமல் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் இரண்டு தகடுகள், நடுவே தாராளமாகக் கிரீஸ். இதே தடிமனுக்குப் பின்சக்கரத்தின் கீழும் பலகை வைக்க மறக்காதீர்கள். காரை இறக்கியதும் முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள், சஸ்பென்ஷன் தன் இடத்தில் உட்காரட்டும். பின்சக்கரங்களுக்கு அடைப்புக் கட்டை கொடுங்கள். பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துப் பிரேக்கை அழுந்திய நிலையில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பிரேக் இல்லாவிட்டால் திருப்பும்போது முன்சக்கரம் உருண்டு அளவு கெட்டுவிடும்.

20 டிகிரியைத் தரையில் வரைய பாகைமானி தேவையில்லை. சக்கரம் நேராக இருக்கும்போது அதற்கு இணையாக 100 செ.மீ. கோடு போடுங்கள். கோட்டின் முன்முனையிலிருந்து செங்குத்தாக 36.4 செ.மீ. அளந்து புள்ளி வையுங்கள். கோட்டின் பின்முனையை அந்தப் புள்ளியோடு சேர்த்தால் 20 டிகிரி. இதேபோல் மறுபக்கமும் ஒன்று.

இனி வலது சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முன்விளிம்பு வெளிநோக்கிப் போகும்படி 20 டிகிரி திருப்புங்கள். மரச்சட்டத்தைச் செங்குத்தாக ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் படும்படி வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்து கேம்பரைக் குறியுங்கள் (சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ், உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ்). சட்டம் டயரின் வீக்கத்தில் முட்டக் கூடாது. அடுத்து, முன்விளிம்பு உள்நோக்கி வரும்படி 20 டிகிரி திருப்பி மறுபடி குறியுங்கள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்து 1.46ஆல் பெருக்கினால் கேஸ்டர். தொழிற்சாலை அமைப்பில் இருக்கும் மினியில் முதல் அளவு பாசிட்டிவ் 3.6 டிகிரி, இரண்டாவது பாசிட்டிவ் 1.5 என்று வரலாம். வித்தியாசம் 2.1, பெருக்கினால் 3.07. சரி, மூன்று டிகிரி என்று எழுதிக்கொள்ளுங்கள். இடது சக்கரத்துக்கும் இதையே செய்யுங்கள். நெகட்டிவ் அளவு வந்தால் கழிக்கும்போது குறியில் கவனம் வையுங்கள்; பெரும்பாலான தவறு அங்கேதான் நடக்கிறது.

இரண்டு பக்கமும் ஒன்றாக

கேஸ்டர் எவ்வளவு என்பதைவிட, இரண்டு பக்கமும் ஒன்றா என்பது பெரிய கேள்வி. கார் எப்போதும் கேஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும். வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

பழையதாக வாங்கிய என் காருக்கு முதன்முதலில் நீளம் மாற்றக்கூடிய டை பார் போட்டபோது, இரண்டு பக்கமும் எண்ணி எண்ணி ஒரே சுற்றுதான் திருப்பினேன். ஓட்டிப் பார்த்தால் இடப்பக்கம் விடாமல் இழுத்தது. அளந்ததில் வலது 5, இடது 3.5. எப்போதோ பட்ட அடியில் இடப்பக்கத்து சப்ஃபிரேம் முனை லேசாக உள்ளே மடங்கியிருந்தது. கம்பியின் நீளம் ஒன்றாக இருந்தது, கோணம் ஒன்றாக இல்லை. சுற்றை எண்ணுவது நினைவுக்குத்தான். முடிவு சொல்வது அளவு மட்டும்.

இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் சாலை இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், தண்ணீர் வடிய. அதனால் கார் இடப்பக்கம் மெல்ல நகரப் பார்க்கும். அதை ஈடுகட்ட இடது சக்கரத்துக்குக் கால் டிகிரி கூடுதலாக வைக்கலாம். புதிதாகச் செய்பவர்கள் முதலில் சமமாக வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள்.

திருத்துவது

மினியில் டை பாரின் நீளத்தைக் குறைத்தால் கீழ் ஆர்ம் முன்னால் இழுபடும், கேஸ்டர் கூடும். நீட்டினால் குறையும். தொழிற்சாலைக் கம்பியில் நீளம் மாற்ற வழியில்லை. அதில் புஷ்ஷுக்குப் பின்னால் வாஷர் போட்டால் ஆர்ம் பின்னால்தான் தள்ளப்படும். குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமானால் மரை உள்ள, நீளம் மாற்றக்கூடிய டை பார் வாங்க வேண்டும். புஷ்ஷுக்குப் பதில் உலோக ரோஸ் ஜாயிண்ட் உள்ளவையும் கிடைக்கின்றன. பந்தயத்துக்கு அவை நல்லது. தினசரி ஓட்டத்துக்கு ரப்பரோ பாலியூரித்தேனோ போதும். சாலையின் ஒவ்வொரு கல்லும் காருக்குள் கேட்க வேண்டியதில்லை.

எவ்வளவு மாற்றுவது? மேல், கீழ் பால் ஜாயிண்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 57ஆல் வகுங்கள். கீழ் பால் ஜாயிண்ட் அத்தனை மி.மீ. நகர்ந்தால் ஒரு டிகிரி. தூரம் 180 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு டிகிரிக்கு 3.2 மி.மீ. ஆனால் டை பார் பால் ஜாயிண்டில் பிடிக்கவில்லை, ஆர்மில் அதற்கு உள்ளே தள்ளிப் பிடிக்கிறது; கம்பியும் சற்றுச் சாய்வாக ஓடுகிறது. அதனால் கம்பியில் நீங்கள் செய்யும் மாற்றம் சக்கரத்தில் அப்படியே வராது. இந்தக் கணக்கை முதல் அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை இப்படி. பழைய நிலையை பெயின்ட் கோடு போட்டு அடையாளம் வையுங்கள், கம்பியின் நீளத்தை எழுதிக்கொள்ளுங்கள். வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு ஜாக்கி வைத்துத் தூக்கி, சப்ஃபிரேமின் கீழ் ஜாக் ஸ்டாண்டை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடாதீர்கள். இந்த வேலையில் உயிர் போகும் ஒரே இடம் இது. சக்கரத்தைக் கழற்றி, டை பாரின் நீளம் மாறாமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, வேண்டிய அளவு திருப்புங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு நீளம் மரையின் இடைவெளி அளவு மாறும், 1.5 மி.மீ. மரை என்றால் இரண்டு சுற்றுக்கு 3 மி.மீ. மரை போதுமான ஆழம் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். லாக் நட்டை இறுக்கி, அதன்மேல் புதிதாக ஒரு பெயின்ட் கோடு போட்டு, சக்கரத்தை மாட்டி, தரையில் இறக்குங்கள். ஆர்ம் முனையிலுள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது கார் தன் எடையில் நிற்கும்போதுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

காரை நாலைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு டிகிரிக்கு மேல் போக வேண்டாம். சாதாரணச் சாலை ஓட்டத்துக்கு 4 டிகிரி நல்ல இடம். வளைவுகளை விரட்டி ஓட்டுபவர்கள் 5 வரை போகலாம். அதற்கு மேல் போனால் வண்டியை நிறுத்தி எடுக்கும்போது கை கடுக்கும். சக்கரம் திரும்பும்போது ஒரு முன்மூலை எழும்பி மறுமூலை தாழ்வதும் அதிகமாகும். பின்வீல் இழுக்கும் சில கார்கள், 1980களின் மெர்சிடிஸ் டபிள்யூ 124 போன்றவை, 10 டிகிரிக்குப் பக்கத்தில் கேஸ்டர் வைத்து வந்தன. அவற்றுக்குப் பவர் ஸ்டியரிங் துணை இருந்தது.

கேஸ்டர் கூடும்போது சக்கரமே சற்று முன்னால் நகர்கிறது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் மட்கார்டின் முன் விளிம்பில் உரசுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, மினியின் ஸ்டியரிங் ஆர்ம் சக்கர மையத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கேஸ்டர் கூடினால் அதன் முனை கொஞ்சம் கீழே இறங்கும். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சக்கரம் தானாகத் திரும்பும் பழக்கம் அதனால் மாறலாம். சின்ன மாற்றத்தில் தெரியாது. அளவோடு நிற்க அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக டோ. கேஸ்டரை மாற்றினால் டோ கட்டாயம் நகர்ந்திருக்கும். வரிசை எப்போதும் கேஸ்டர், கேம்பர், டோ. மினிக்குச் சொன்ன அளவு முன்னால் 1.6 மி.மீ. விரிவு. இதை அலைன்மென்ட் கடையில் செய்துகொள்ளலாம். கேஸ்டர் மாற்றியதைச் சொல்லி, உங்கள் எண்களையும் காட்டுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

ஆளில்லாத, நேரான சாலை வேண்டும். நாற்பதில் கையை லேசாக வைத்து இழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மெதுவாகத் திரும்பிக் கையைத் தளர்த்தி, ஸ்டியரிங் நேருக்கு வரும் வேகத்தைக் கவனியுங்கள். அடுத்து அழுத்தமாக ஒரு பிரேக். மூன்றையும் எழுதிவையுங்கள். ஒரே நாளில் கேஸ்டரையும் காற்றழுத்தத்தையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

வேறு கார் என்றால்

கோட்பாடு அதுவே, கை வைக்கும் இடம்தான் வேறு. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் கீழ் ஆர்மில் உட்பக்கம் இரண்டு மையம் விலகிய போல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே உண்டு. முன்போல்ட்டை உள்ளேயும் பின்போல்ட்டை வெளியேயும் திருப்பினால் பால் ஜாயிண்ட் முன்னால் போகும், கேஸ்டர் கூடும். பழைய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் மேல் ஆர்மின் அடியில் ஷிம் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் இதைச் செய்வார்கள். நம் ஊரில் அதிகம் ஓடும் ஸ்ட்ரட் வகைச் (ஷாக் அப்சார்பரே மேல் ஆர்மின் வேலையையும் செய்யும்) சின்னக் கார்களில் பெரும்பாலும் கேஸ்டர் திருத்தும் வழியே கிடையாது. அலைன்மென்ட் காகிதத்தில் அங்கே கேஸ்டர் தப்பாக வந்தால் அடிபட்ட ஆர்ம், நகர்ந்த சப்ஃபிரேம், தேய்ந்த புஷ் என்று தேடுங்கள். ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பின்னால் தள்ளும் தகடுகள் விற்பனைக்கு உண்டு. பாகங்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் அவற்றைப் பற்றி யோசியுங்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு கீழே குனிந்து லாக் நட்டின் மேல் போட்ட பெயின்ட் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. இறுக்கிவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி அளந்துவிடுங்கள்.